லிஸ்பனில் கழற்றிய சப்பாத்து

இங்கிலாந்தில் தாதியாக வேலை பார்க்கும் எங்கள் மகள், "அம்மா, இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, மூணு நாளு எங்கயாச்சும் சுத்திட்டு வாங்க. எனக்கு டூட்டி இருக்கு, நீங்க ரெண்டு பேரும் ஜாலியா போங்க. பாரிஸா, ரோமா?" என்று கேட்டபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"லிஸ்பன்," என்றேன்.

"லிஸ்பனா? அங்க என்னாம்மா இருக்கு?"

"பழைய ஊருலா. மலாக்காவப் புடிச்சானுங்களே, அவனுங்க தலைநகரம். போயி ஒரு பார்வ பாத்துட்டு வர்றோம்."

மகள் சிரித்துவிட்டு டிக்கெட் போட்டாள். சோபாவில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த என் வீட்டுக்காரர், "எந்த ஊரா இருந்தா என்னா, எல்லாம் குளுருதான்," என்றார். அவருக்கு விஷயம் அவ்வளவுதான். நான் எதற்காக அந்த ஊரைச் சொன்னேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களிடம் மறைப்பானேன். இந்த மனுஷனை ஒரே ஒரு தடவை என் பக்கத்தில், ஒரு கோயிலுக்குள் நிற்க வைத்துப் பார்த்துவிட வேண்டும். அதுதான் என் ஆசை. வேறு எந்த அரண்மனையும் எனக்கு வேண்டாம்.

நாங்கள் இருவரும் புக்கிட் பெலண்டோக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். வேதக்காரக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் எங்களுக்கென்று ஒரு கோயில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, மணிக்குப் பதிலாக மரக்கிளையில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. கையில் குழந்தையேசுவை ஏந்தி நிற்கும் புனிதர்தான் எங்கள் பாதுகாவலர். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர், செவ்வாய்க்கிழமைக்குச் சொந்தக்காரர். பேரைச் சொல்லவே வேண்டாம், நம் ஆட்களுக்குத் தெரியும். மாடு காணோம் என்றாலும் அவரிடம்தான், மூக்குத்தி காணோம் என்றாலும் அவரிடம்தான். மாரியம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, வந்த கையோடு இங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுப் போகிறவர்கள் எங்களைவிட அதிகம்.

சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் போர்ட்டிக்சனிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் என் வீட்டுக்காரர் கையில். ரப்பர் பால் ஏற்றும் லோரியை ஓட்டுவது அவருடைய சம்பள வேலை. கோயில்பிள்ளையாக இருப்பது அவருக்கு உயிர். தண்டவாளத்தைத் தட்டி ஆட்களைக் கூப்பிடுவார், பீடத்தைத் துடைப்பார், சொட்டிய மெழுகைச் சுரண்டுவார். ஆனால் என் மனதில் அழியாமல் இருப்பது அவர் சிலிப்பர் அடுக்கும் அழகு.

எங்கள் எஸ்டேட்டில் யாரும் காலில் செருப்போடு கோயிலுக்குள் போனதில்லை. அந்தக் கோயிலோ இந்தக் கோயிலோ, வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெபமாலை பாதியில் இருக்கும்போது தகரத்தில் மழை இறங்கும். உடனே இவர் நைசாக எழுந்து வெளியே போவார். நனைகிற சிலிப்பரையெல்லாம் அள்ளி வந்து உள்பக்கச் சுவரோரமாக அடுக்குவார். சும்மா அடுக்க மாட்டார், லயத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த வீடுகளின் கணக்குப்படி. முதல் வீட்டுச் சிலிப்பர் முதலில், கடைசி வீட்டுச் சிலிப்பர் கடைசியில். எல்லாம் ஒரே ஜப்பான் சிலிப்பர், ஒரே நீல வார். எது யாருடையது என்று எப்படித்தான் தெரியுமோ! ஜெபம் முடிந்து அரையிருட்டில் காலை நீட்டினால் நம்முடையது நம் காலுக்கு நேராக இருக்கும்.

கடைசி லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. நான் குமரியாக இருந்த காலத்தில் ஒரு நாள் கவனித்தேன், வரிசையின் முடிவில் என் சிலிப்பருக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. அடுத்த மழைக்கும் அதே ஜோடி. அது இவருடையது. இவர் வீடு எங்கே இருந்தது தெரியுமா? முதல் லயத்தில்! திருட்டுப்பய. எங்கள் காதல் கதை அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் சிலிப்பர்களே பேசி முடித்துவிட்டன.

பிறகு எஸ்டேட் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதுகூடத் தாங்கிக்கொண்டோம். செம்பனையும் போய் வீடமைப்பு என்றபோது ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தோம். நாங்கள் சிரம்பானை ஒட்டிய மம்பாவுக்கு வந்தோம், இவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். கோயிலை இடிக்கப் போகிறோம் என்று சொல்ல வந்த ஆளிடம் இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த வருஷத் திருநாள் முடியும்வரை விட்டு வையுங்கள். அவனும் தலையாட்டிவிட்டுப் போனான். திருநாளுக்குத் தோரணம் கட்டுவதற்காக இவர் கயிறும் குருத்தோலையுமாகப் போனபோது அங்கே கோயில் இல்லை. தகரம் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். சுரூபத்தை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் முன்கூட்டியே தூக்கி வந்து சிரம்பான் டவுன் கோயிலில் சேர்த்திருந்தார்.

அன்றைக்குக் குருத்தோலையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். சாப்பிடவில்லை. "காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குற சாமியாம். அவரு கோயிலே காணாமப் போச்சு. இத யாரு கண்டுபிடிச்சுக் குடுப்பா?" என்று கேட்டார்.

அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் கால் வைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் என்னைக் காரில் கொண்டுபோய் டவுன் கோயில் வாசலில் இறக்கிவிடுவார். கொஞ்சம் தள்ளித் தெமியாங் பக்கம் மர நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டுப் பேப்பர் படிப்பார். பூசை முடிந்ததும் டாண் என்று வந்து நிற்பார். மகளின் உறுதிபூசுதல் அன்றைக்கும் அப்படித்தான். அவள் வெள்ளை உடுப்போடு காருக்கு ஓடிவந்து காட்டினாள். இவர் கண்ணாடியை இறக்கி, "ராணி மாதிரி இருக்கம்மா," என்றார், இறங்கவில்லை. நான் அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அவர் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பிரசங்கத்தில் சாமியார் சொன்னார், நம் புனிதரை எல்லாரும் இன்னோர் ஊர்ப் பேரோடு சேர்த்துச் சொல்கிறோம், ஆனால் அவர் பிறந்தது லிஸ்பனில், பிறந்த வீடு இருந்த இடத்திலேயே ஒரு கோயில் இருக்கிறது என்று. அதை நான் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

லிஸ்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், எனக்குப் பிடித்துவிட்டது. ஊரே மேடும் பள்ளமும். மஞ்சள் ட்ராம் வண்டி முனகிக்கொண்டு ஏறுகிறது. சுவரெல்லாம் நீலப் பூப்போட்ட ஓடு. ராஜா காலத்துக் கோட்டை ஒன்று மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சந்துக்குள் நுழைந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். உள்பாவாடை, கைலித்துண்டு மாதிரி ஏதோ, புள்ளைகளின் காலுறை. எனக்கு லயத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. "பாருங்க, இவுங்களும் நம்மள மாதிரிதான் காயப்போடுறாங்க," என்றேன். "மழ வரப்போவுது, எடுக்கச் சொல்லு," என்றார் அவர்.

ஒரு கடையைக் கடக்கும்போது இவர் சட்டென்று நின்று மூக்கை உயர்த்தினார். "புள்ள! கருவாடு!" முழ நீள மீன்களை உப்புப் போட்டுக் காயவைத்துப் பலகை பலகையாக அடுக்கியிருந்தார்கள். வந்து இறங்கியதிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அங்கேதான். ஆனால் அன்றிரவு சாப்பாட்டில் அந்த மீனைப் பாலாடையோடு சேர்த்து அவித்துக் கொடுத்தார்கள். "இவ்ளோ நல்ல கருவாட்ட இப்பிடியா பண்ணுவாங்க? ஒரு பச்ச மொளகா இல்ல, ஒரு புளி இல்ல," என்று அங்கலாய்த்தார். பிறகு எஸ்டேட்டில் நான் ஆக்கிய கருவாட்டுக் குழம்பைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். எஸ்டேட்டைப் பற்றி அவர் பேசியே நாளாகியிருந்தது. எனக்குத் தைரியம் வந்தது.

மறுநாள் காலை, "ஒரு பழைய கட்டடம் பாக்கணும், வாங்க," என்று கிளப்பினேன். மேட்டில் மூச்சு வாங்க ஏறி ஒரு திருப்பம் திரும்பியதும், கோயிலுக்கு முன்னால் திறந்த வெளியில் ஒரு சிலை. அங்கி, கையில் புத்தகமும் புள்ளையும். இவர் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் லிஸ்பனா?"

"ஆமா, அதுக்குத்தான். அவரு பொறந்த வீடுங்க இது. ஒரே ஒரு தடவ உள்ள வாங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சரிக்குச் சரி நின்றிருப்பேன். கோயிலை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். "எத்தன நூறு வருசமோ... இவரு வீட்ட நல்லாத்தான் வெச்சிருக்காங்க. யாரும் இடிக்கல," என்றார். பிறகு எதிர்ப்பக்கத்துச் சுவரோரக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டு, "நீ போயிட்டு வா புள்ள," என்றார். தெமியாங்கில் மர நிழல், லிஸ்பனில் கல். ஆள் மாறவே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் படியேறி, வாசலில் கயிற்றை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றி எறியாத குறையாகப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அந்த ஊரில் யாரும் கழற்றுவதில்லை. டவுன் கோயிலிலேயே இப்போது கழற்றுவதில்லை, நானும் மாறித்தான் போயிருந்தேன். ஆனால் அன்றைக்கு அது நம் புனிதர் பிறந்த வீடு என்று நினைத்ததும் கால் தானாகப் பழையபடி செய்துவிட்டது. தரை ஐஸாக இருந்தது. நேரே முன்னால் போய் முழங்காலிட்டேன். ஜெபமெல்லாம் வரவில்லை, சண்டைதான் வந்தது. "நீர் பொறந்த வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டேன். இதுக்கு மேல என்னால ஆவாது. அந்த மனுசன் ஒம்ம கோயிலக் கூட்டிக் கழுவுனவரு. ஒமக்கு வேணும்னா நீரே கூப்பிட்டுக்கும்!" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. வெளியே மழை பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் வாசல் பக்கமிருந்து ஒரு குரல், அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு, சுத்தமான எஸ்டேட் தமிழில்:

"ஓய்! ஓய்! எங்கய்யா தூக்கிட்டுப் போற? அது எம்பொண்டாட்டி சப்பாத்துய்யா!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு கிழவர், இடுப்பில் சாவிக்கொத்தோடு, என் சப்பாத்து ஜோடியைக் கையில் ஏந்தியபடி உள்ளே வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் ஓடிவருகிறார். மகள் வாங்கிக்கொடுத்த கம்பளிக் காலுறை பளிங்கில் வழுக்க, இரண்டு கையையும் விரித்துச் சமாளித்துக்கொண்டு வருகிறார். ஆமாம், காலுறை! எதிர்ப்பக்கத்திலிருந்து எவனோ பெண்டாட்டி சப்பாத்தைத் திருடிக்கொண்டு போகிறான் என்று பதறி ஓடிவந்த மனுஷன், அந்த அவசரத்திலும் வாசலில் தன் சப்பாத்தை உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார்.

கிழவர் அசரவில்லை. வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினார். மழை பெய்கிற வாசலைக் காட்டினார். என் சப்பாத்தைத் தூக்கிக்காட்டி, "சப்பாத்துஷ்," என்று ஏதோ சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நம் வார்த்தை அந்தக் கிழவர் வாயில் எப்படி வந்தது என்று எனக்கும் திகைப்புத்தான், மலாக்காவைப் பிடித்தவர்கள் நமக்கு விட்டுப்போன வார்த்தையாக இருக்கும்.

பிறகு கிழவர் சுவரோரம் நனையாத இடமாகப் பார்த்துக் குனிந்தார். முட்டி வலிக்கும்போல, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தார். பையிலிருந்து துணியை எடுத்து என் சப்பாத்தைத் துடைத்தார். கயிற்றை உள்ளே மடித்துவிட்டு, ஜோடி சேர்த்து, சுவரைப் பார்க்க வைத்தார். நிமிர்ந்தார். என் வீட்டுக்காரரின் ஈரக் காலுறையைப் பார்த்தார். மறுபடி வாசலுக்குப் போய், ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்த அவருடைய சப்பாத்தையும் பொறுக்கி வந்து, அதையும் துடைத்து, என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். ஒட்டினாற்போல வைத்தார். அப்புறம் சாவிக்கொத்து கிணுகிணுக்கத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் அந்த இரண்டு ஜோடியையும் பார்த்தபடி நின்றார். நான் எழுந்து பின்னால் போனேன். பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, மனுஷன் அழுதுகொண்டிருந்தார். கோயில் இடிந்த அன்றைக்குக்கூட அழாதவர்.

"பாத்தியா புள்ள, எப்பிடி வெக்கிறாருன்னு. கயித்த உள்ள மடிச்சு வெக்கிறாரு. ஈரத்துல கெடந்தா வீணாப் போயிரும்னு அவருக்குத் தெரியுது."

"தெரியும். ஒங்க வேலதான அவரு செய்யிறாரு."

"நான் அந்த வேலைய விட்டுட்டனே," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை குளிர்ந்து கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே முன்னால் நடந்தார். நான் இழுக்கவில்லை, சத்தியமாக. பீடத்தில் இருந்த புனிதருக்கு முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் குனிந்து குனிந்து பார்த்தார். எதற்கென்று எனக்குப் புரிந்தது. எங்கள் எஸ்டேட் சுரூபத்துக்கு இடதுகால் சுண்டுவிரல் கிடையாது. ஒரு திருநாளில் சப்பரம் தடுமாறிச் சாய்ந்தபோது உடைந்தது. இவர்தான் தாங்கிப் பிடித்தார். இல்லாவிட்டால் மொத்தமும் போயிருக்கும்.

"இவருக்கு வெரலெல்லாம் சரியா இருக்கு," என்றார். "நம்மாளு இல்ல இவரு."

"நம்மாளு இல்லதான்."

பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"நம்மாள எங்க வெச்சிருக்காங்க?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "டவுன் கோயில்ல, வலது பக்கம் மூலையில. ஃபேனுக்குக் கீழ," என்றேன்.

"மூலையிலயா? வெளிச்சம் இருக்கா?"

"வந்து பாருங்களேன்."

வெளியே வரும்போது எங்கள் சப்பாத்து அந்தச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் லயத்து ஜோடியும் கடைசி லயத்து ஜோடியும். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அந்த வயதில் எங்களுக்கு வெட்கம் வந்தது. "என்னா பாக்குற, போடு," என்றார்.

ஊருக்குத் திரும்பி, தூக்கக் கலக்கம்கூடத் தெளியாத ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அவரே சாவியை எடுத்துக்கொண்டு, "கெளம்பு புள்ள," என்றார். டவுன் கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். கார் நின்றது. எஞ்சினும் நின்றது. இறங்கி வந்தார். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினார். பளபளவென்று சப்பாத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்த ஆட்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. நானும் கழற்றினேன்.

நேரே வலது பக்க மூலைக்குப் போனார். சுரூபத்தின் இடதுகாலைப் பார்த்தார். சுண்டுவிரல் இல்லாத அந்த இடத்தை விரலால் தொட்டார். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தார், கருப்பாகத் தூசி.

"வாரா வாரம் வர்றியே, ஒனக்குக் கண்ணு இல்ல? இப்பிடியாலா போட்டு வெப்பாங்க மனுசன?" என்று கோயிலென்றும் பார்க்காமல் என்னைத் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்கத்தான் நான் லிஸ்பன் வரைக்கும் போய் வந்தேன். அவர் கைக்குட்டையை எடுத்து, காலிலிருந்து ஆரம்பித்துத் துடைக்கத் தொடங்கினார்.